கல்லூரி பேஸ்பால் அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உயர்நிலைப்பள்ளி வீரர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கட்-ஆஃப் மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்ற வரிசையில் கல்லூரிக்குள் நுழைந்த நம் தலைமுறைக்கு, அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைக்குக் கல்லூரி தேடுவது முற்றிலும் பழக்கமில்லாத வேலை. இங்கே கட்-ஆஃப் கிடையாது. யார் எப்போது முடிவெடுக்கிறார்கள் என்பதும் வெளியே தெரிவதில்லை. பயிற்சியாளர், சேர்க்கை அலுவலகம், நிதியுதவி அலுவலகம் என மூன்று கதவுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று மட்டும் திறந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோய், மற்ற இரண்டையும் தட்டிப் பார்க்காமலேயே முடிவெடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. மூத்த மகன் விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இளையவனுக்கு அந்தத் தவறு நேரவில்லை. இரண்டு முறையும் கற்றுக்கொண்டவற்றை, இப்போது 9 முதல் 11ஆம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: எத்தனை வகைக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதை அறிதல்

கல்லூரி பேஸ்பால் என்றதும் நம் கண்முன் வருவது, 1950 முதல் ஒமாஹா நகரில் நடந்துவரும் கல்லூரி உலகத் தொடரும், அதில் ஆடும் எல்.எஸ்.யு., வாண்டர்பில்ட், டென்னசி போன்ற பெயர்களும்தான். இவை, நாடு முழுவதும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல்நிலைப் பிரிவான டிவிஷன் 1ஐச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் ஏறத்தாழ 300 அணிகள் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை தொலைக்காட்சியில் அடிக்கடி தோன்றாத, நடுத்தர அளவுள்ள பல்கலைக்கழகங்கள். அதற்கடுத்து டிவிஷன் 2, டிவிஷன் 3, என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பு; பிறகு ஜூகோ என்று எல்லோரும் அழைக்கும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் தங்களுக்கென்று ஒரு தனி அமைப்பின் கீழ் ஆடுகின்றன.

டிவிஷன் 1க்குக் கீழே இருப்பவற்றைத் தோற்றவர்களின் இடமாகப் பார்க்கும் பழக்கம் நம் சமூகத்தில் இருக்கிறது. இதை நான் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பார்வையால் பிள்ளைகள் தவறான இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறை லீகின் நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ், மிசௌரியின் மேப்பிள் வுட்ஸ் சமுதாயக் கல்லூரியில் ஆடி, 1999 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். ஜே.டி. மார்டினெஸ் டிவிஷன் 2இல் உள்ள நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்தும், பந்தெறியாளர் ஜோர்டன் ஸிம்மர்மன் டிவிஷன் 3இல் உள்ள விஸ்கான்சின்-ஸ்டீவன்ஸ் பாயிண்ட் கல்லூரியிலிருந்தும் மேஜர் லீகுக்குச் சென்றவர்கள். எம்.ஐ.டி., கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சிகாகோ பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பேஸ்பால் அணிகள் எல்லாம் டிவிஷன் 3இல்தான் ஆடுகின்றன. படிப்பைப் பற்றி இரவெல்லாம் கவலைப்படும் பெற்றோர் டிவிஷன் 3 என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 300 அணிகளில் அணிக்கு 34 பேர் என்று வைத்தாலும் மொத்தம் 10,200 இடங்கள். அவை நான்கு ஆண்டு மாணவர்களும் பகிர்ந்துகொள்ளும் இடங்கள். நாடு முழுவதும் உயர்நிலைப்பள்ளிகளில் பேஸ்பால் ஆடும் மாணவர்களோ 4.5 லட்சத்திற்கும் மேல். ஆகவே உங்கள் பட்டியலில் எல்லா வகைக் கல்லூரிகளும் இடம்பெறுவதுதான் முறை.

இரண்டாம் படி: பிள்ளை இன்று எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை அளத்தல்

பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பவை எண்கள்: 60 கெஜ ஓட்டத்துக்கு எத்தனை விநாடி, மட்டையிலிருந்து பந்து எத்தனை மைல் வேகத்தில் புறப்படுகிறது, பந்தெறியாளரானால் எத்தனை மைல் வேகம், மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரானால், பந்தைப் பிடித்ததிலிருந்து அது இரண்டாம் பேஸைச் சென்றடைய எத்தனை விநாடி. பொதுவாகப் பேசப்படும் அளவுகளின்படி, டிவிஷன் 1 அணிகள் தேடும் வலதுகைப் பந்தெறியாளர் 90 மைலை நெருங்கியோ தாண்டியோ எறிபவர், கேட்சருக்கு 2.0 விநாடி ஒரு எல்லைக்கோடு. வேகமான வெளிக்கள வீரர் 60 கெஜத்தை 6.8 விநாடிக்குள் ஓடுபவர். இவை வாசலில் கேட்கப்படும் எண்கள்தான், ஆட்டத்தை அறிதல் அதற்குப் பிறகே வருகிறது. ஆனால் வாசலைத் தாண்டாதவனின் ஆட்டத்தைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இந்த மதிப்பீட்டை யாரிடம் கேட்பது என்பது முக்கியம். உங்களிடமிருந்து மாதந்தோறும் கட்டணம் பெறும் பயிற்சி நிலையம் உங்கள் மகனைப் பற்றிச் சொல்வதை ஓரளவு குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் கல்லூரியில் முன்பு பயிற்சியளித்தவர், எதிரணியின் பயிற்சியாளர், நடுவர் எனப் பண உறவு இல்லாத ஒருவரிடம், "இவன் எந்த மட்டத்தில் ஆட முடியும்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அதோடு, நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரியின் ஆட்டம் ஒன்றுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, ஆட்டத்துக்கு முந்தைய களப்பயிற்சியைப் பார்க்கச் செய்யுங்கள். தன் இடத்தில் ஆடுபவனின் கைகளும் கால்களும் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதை வேலியோரம் நின்று பத்து நிமிடம் பார்த்தால், நாம் சொல்ல வேண்டியவற்றில் பாதியை அவனே புரிந்துகொள்வான்.

மூன்றாம் படி: படிப்பை முதலில் பூட்டிவைத்தல்

டிவிஷன் 1இல் ஆடத் தகுதி பெற உயர்நிலைப்பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றின் சராசரி 4.0 அளவுகோலில் 2.3க்குக் குறையக்கூடாது, டிவிஷன் 2க்கு அது 2.2. டிவிஷன் 1ஐப் பொறுத்தவரை, அந்த 16இல் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2023 முதல் விளையாட்டுத் தகுதிக்குத் தேவையில்லை. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் பல இடங்களில் இன்னும் தேவை. நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு தடையாக இருப்பது அரிது. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தத் தடை பாடப்பிரிவு. டிவிஷன் 1 அணி பிப்ரவரி நடுவிலிருந்து வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடுகிறது. வார இறுதியில் மூன்று, வாரத்தின் நடுவில் ஒன்று. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது விதிப்படியான பயிற்சி நேரம். பயணம், சிகிச்சை, தானாக வந்து செய்யும் கூடுதல் பயிற்சி ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. பொறியியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றின் ஆய்வக வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில்தான் நடக்கின்றன; பேஸ்பால் பயிற்சியும் பிற்பகலில்தான். மகன் கணினிப் பொறியியல் படிக்க விரும்பினால், அந்த அணியில் இப்போது பொறியியல் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், "எங்களிடம் எந்தப் பாடமும் படிக்கலாம்" என்று பயிற்சியாளர் சொல்வதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. டிவிஷன் 1 வீரர் இரண்டாம் ஆண்டின் முடிவில் தம் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டையும், மூன்றாம் ஆண்டில் 60ஐயும், நான்காம் ஆண்டில் 80ஐயும் முடித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் பாடப்பிரிவை மாற்றிக்கொள்ள நினைக்கும் மாணவனுக்கு இந்த விதி குறுக்கே வரும். கல்லூரி மாறும்போது சில பாடங்கள் கணக்கில் சேராமல் போனால் இடர்ப்பாடு இன்னும் கூடும்.

நான்காம் படி: அணிப் பட்டியலைப் படித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதைச் செய்யுங்கள். கல்லூரி அனுப்பும் வண்ணக் கையேட்டிலும் பயிற்சியாளரின் தொலைபேசிப் பேச்சிலும் இல்லாத உண்மை, அக்கல்லூரியின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும் ரோஸ்டர் பக்கத்தில் இருக்கிறது. பெயர், இடம், உயரம், எடை, ஆண்டு, ஊர், முன்பு படித்த பள்ளி அல்லது கல்லூரி என்று ஏழு எட்டு கட்டங்கள்தான். அவற்றைப் பொறுமையாகப் படித்தால், அந்த அணி தன் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

என் மூத்த மகன் கேட்சர். அவனை விரும்பி அழைத்த ஒரு கல்லூரியின் மைதானமும், உடை மாற்றும் அறையும், அவன் பெயர் பொறித்த சட்டையும் எங்களை மயக்கிவிட்டன. அணிப் பட்டியலை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவனுக்கு ஓராண்டே மூத்த இரண்டு கேட்சர்கள் அங்கே இருந்தது தெரிந்திருக்கும். அவன் சேர்ந்த ஆகஸ்டில் ஜூனியர் கல்லூரி ஒன்றிலிருந்து மூன்றாவது கேட்சரும் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் என் மகன், பந்தெறியாளர்கள் எறிந்து பழகும் புல்பென்னில் பிறர் எறிந்த பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் மட்டை பிடித்தது நான்கே முறை. யாரும் அவனை ஏமாற்றவில்லை. பட்டியல் எங்கள் கண்முன்தான் இருந்தது.

இளையவனுக்கு நாங்கள் செய்த முறை இதுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் கடந்த நான்கு ஆண்டுகளின் பட்டியல்களை அச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதலில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு முதலாண்டு மாணவர்களாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை மஞ்சள் நிறத்தில் குறித்துக்கொண்டோம். அடுத்தடுத்த ஆண்டுப் பட்டியல்களில் அதே பெயர்களைத் தேடினோம். ஒரு கல்லூரியில் 12 மஞ்சள் பெயர்களில் மூன்றாம் ஆண்டில் எஞ்சியவை 3. இன்னொன்றில் 9இல் 7. இரண்டு பயிற்சியாளர்களும் "நாங்கள் ஒரு குடும்பம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பிறகு, பிற கல்லூரிகளிலிருந்து வந்தவர்களைப் பச்சை நிறத்தில் குறித்தோம். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்த பிறகு, குறிப்பாக 2024இல் படிப்பில் தகுதியுள்ள மாணவர் எத்தனை முறை வேண்டுமானாலும் உடனடியாக மாறி ஆடலாம் என்று விதி தளர்ந்த பிறகு, பயிற்சியாளர்களில் பலர் 18 வயதுப் பையனை வளர்ப்பதைவிட 21 வயதில் நிரூபித்துக்காட்டியவரை எடுப்பதையே விரும்புகிறார்கள். பட்டியலில் பச்சை அதிகமாக இருக்கும் அணியில் முதலாண்டிலேயே ஆடுவது கடினம்; அங்கே உங்கள் மகன் ஜூனியர் கல்லூரி வழியாகப் போய்ச் சேர்வதே நல்லதாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, அவன் ஆடும் இடத்தில் இப்போது இருப்பவர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று எழுதினோம். அவன் சேரும் ஆண்டில் யார் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள், யார் இருப்பார்கள் என்று கூட்டிக் கழித்தால் விடை கிடைத்துவிடும். கூடவே புள்ளிவிவரப் பக்கத்தையும் திறந்து, முதலாண்டு மாணவர்கள் எத்தனை ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து ஆடினார்கள், எத்தனை இன்னிங்ஸ் பந்தெறிந்தார்கள் என்பதைப் பாருங்கள். ஊர்க் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்: 34 பேரில் 30 பேர் அதே மாநிலத்தவர் என்றால், வெளிமாநிலப் பிள்ளைக்கு அங்கே இடம் குறைவு என்றும், உதவித்தொகைப் பணத்தை உள்மாநிலக் கட்டணத்துக்கேற்பவே பங்கிடுகிறார்கள் என்றும் ஊகிக்கலாம்.

இதற்கு ஒரு கல்லூரிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். 20 கல்லூரிகளுக்குச் செய்து முடித்தபோது எங்கள் பட்டியலில் 8 பெயர்கள் மிஞ்சின.

ஐந்தாம் படி: தொடர்பு கொள்ளுதல்

டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் 11ஆம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1 வரை பிள்ளையோடு ஆள்சேர்ப்பு பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. அதற்கு முன் பதில் வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். நீங்கள் எழுதலாம், அவர்கள் படிக்கலாம், பதிலளிக்க மட்டும் இயலாது. டிவிஷன் 3 போன்ற பிரிவுகளில் இந்தக் கட்டுப்பாடு மிகவும் தளர்வானது.

மின்னஞ்சலைப் பிள்ளையே எழுத வேண்டும். இதை நம் பெற்றோர்களிடம் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பப் படிவம் முதல் விடுதி அறை வரை எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொடுத்துப் பழகியவர்கள். ஆனால் அப்பா எழுதிய கடிதம் என்பதைப் பயிற்சியாளர் இரண்டாவது வரியிலேயே கண்டுகொள்வார். கடிதத்தில் பட்டம் பெறும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், எடை, சராசரி மதிப்பெண், அளக்கப்பட்ட எண்கள், அடுத்த ஆட்டங்களின் நாளும் இடமும், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகச் சென்று ஆடும் டிராவல் பால் அணிப் பயிற்சியாளரின் தொடர்பு எண், இரண்டு நிமிடக் காணொளி ஆகியவை போதும். அந்தக் கல்லூரியையே ஏன் விரும்புகிறான் என்பதற்கு உண்மையான ஒரு வரியும் இருக்க வேண்டும்.

முகாம்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்லூரியின் பெயர் பொறித்த முகாம் அழைப்பு வந்ததும் மகனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அழைப்பு பல நூறு பேருக்கு ஒரே நாளில் போகும்; முகாம் கட்டணம் உதவிப் பயிற்சியாளர்களின் வருமானத்தில் ஒரு பகுதி. மகனின் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றியோ காணொளியைப் பற்றியோ எழுதியிருந்தால், அல்லது தொலைபேசியில் அழைத்து "வந்தால் இந்த இடத்தில் ஆடிப் பார்ப்போம்" என்று சொன்னால், அந்த முகாமுக்குப் பணம் கட்டலாம். பயிற்சியாளர்கள் முன் பிள்ளைகள் தம் திறமையைக் காட்டும் ஷோகேஸ் நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோல்தான்: நீங்கள் எழுதிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் வருகிறார்களா என்று கேட்டறிந்த பிறகு பதிவு செய்யுங்கள். ஆயிரக்கணக்கான டாலர் கேட்டு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் சேவைகளுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

ஆறாம் படி: நேரில் சென்று பார்த்தல்

வசந்தகாலத்தில் ஆட்டம் நடக்கும்போது போவதைவிட, செப்டம்பர், அக்டோபரில் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும்போது போவது நல்லது. அப்போது பார்வையாளர்கள் இல்லை. யாரும் யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை.

நாங்கள் போன ஒரு கல்லூரியில், அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில், முதலாண்டு ஷார்ட்ஸ்டாப் ஒருவன் எளிதாக உருண்டு வந்த பந்தைக் கால்களுக்கிடையே விட்டுவிட்டான். வீரர்கள் அமரும் டகவுட்டிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. இன்னிங்ஸ் முடிந்து அவன் தலையைக் குனிந்தபடி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். நான்காம் ஆண்டு படிக்கும் இரண்டாம் பேஸ்காரன் எழுந்துபோய் அவனருகே குந்தி, தன் கையுறையைச் சிமெண்டுத் தரையில் மல்லாத்தி வைத்து, அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்று காட்டினான். இரண்டு பேரும் மூன்று நான்கு முறை அதையே செய்து பார்த்தார்கள். பயிற்சியாளர் அதைக் கவனித்தபடி தம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். இளையவன் இப்போது அங்கேதான் படிக்கிறான். வேறொரு கல்லூரியில் அதே போன்ற ஒரு பிழைக்கு அந்தப் பையனை அந்த நிமிடமே வெளியே எடுத்து, எல்லோர் முன்பும் வெளிக்கள வேலியோரம் ஓடவிட்டார்கள். சில பிள்ளைகள் அப்படிப்பட்ட கண்டிப்பிலும் வளர்வார்கள். என் மகன் வளரமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவற்றை மகனே கேட்கட்டும். "என்னை எந்த இடத்துக்கு நினைக்கிறீர்கள்? என் ஆண்டில் அதே இடத்துக்கு வேறு யாரை எடுக்கிறீர்கள்? இலையுதிர்காலத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், பருவம் தொடங்கும்போது எத்தனை பேர்? முதலாண்டில் ஆடாதவர்களைக் கோடையில் எந்த லீகுக்கு அனுப்புகிறீர்கள்?" மூன்றாவது கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் 45 பேரைச் சேர்த்துக்கொண்டு பருவத்துக்கு முன் 11 பேரை நீக்கும் அணிகளும் உண்டு. பந்தெறியாளரின் பெற்றோர் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேருக்கு முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் டாமி ஜான் அறுவைசிகிச்சை நடந்தது, அந்தச் செலவை யார் ஏற்றார்கள், மீண்டுவரும் ஆண்டில் உதவித்தொகை தொடர்ந்ததா?

பயிற்சியாளரிடம் கேட்பதைப் போலவே, ஆட வாய்ப்புக் கிடைக்காத இரண்டாம் ஆண்டு மாணவனிடமும் பேசுங்கள். நட்சத்திர வீரன் எந்தக் கல்லூரியிலும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பான். பெஞ்சில் இருப்பவன் இன்னும் அங்கே இருப்பதற்கு என்ன காரணம் சொல்கிறான் என்பதைக் கேளுங்கள்.

பயணத்தையும் வரைபடத்தில் பாருங்கள். வடமாநில அணிகள் பனி உருகும் வரை பல வாரங்கள் தெற்கே பயணம் செய்து ஆடுகின்றன. 2024இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தன; கலிபோர்னியாவிலிருந்து மயாமிக்கும் பாஸ்டனுக்கும் போய் ஆடிவிட்டுத் திங்கட்கிழமைத் தேர்வுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: பணக்கணக்கு

பல ஆண்டுகளாக டிவிஷன் 1 பேஸ்பால் அணி ஒன்றுக்கு 11.7 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அவற்றை 27 பேர் வரை பிரித்துக்கொடுத்தார்கள். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில், ஜூன் 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு வந்தது. 34 பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம் என்பது அனுமதி மட்டுமே. அந்த அளவுக்குப் பணம் ஒதுக்கும் கல்லூரிகள் சில. சமரசத்தில் இணையாத கல்லூரிகள் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "நீங்கள் இணைந்திருக்கிறீர்களா?" என்பது. டிவிஷன் 2க்கு 9, என்.ஏ.ஐ.ஏ.வுக்கு 12 முழு உதவித்தொகைகள். டிவிஷன் 3க்கும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீகுக்கும் விளையாட்டு உதவித்தொகையே இல்லை.

இதனால் டிவிஷன் 3 செலவு மிகுந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆண்டுக்கு 70,000 டாலர் கட்டணமுள்ள ஒரு கல்லூரியில் 25 விழுக்காடு விளையாட்டு உதவித்தொகை பெற்றாலும் மீதம் 52,500 டாலர் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதே மாணவன் நல்ல மதிப்பெண்ணோடு டிவிஷன் 3 கல்லூரியொன்றில் 35,000 டாலர் கல்வி உதவித்தொகை பெற்றால், கைக்காசு குறைவாகவே போகும். முழங்கை முறிந்தாலும் அந்தத் தொகை குறையாது. கூட்டரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் தம் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பயிற்சியாளரோடு பேசும் முன்பே அதில் உங்கள் வருமானத்தை இட்டுப் பாருங்கள். ஜார்ஜியாவின் ஹோப், புளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ், லூசியானாவின் டாப்ஸ் போன்ற மாநில உதவித்தொகைகள் உள்ள இடங்களில், உள்மாநிலப் பிள்ளைக்கு விளையாட்டுப் பணம் இல்லாமலேயே கட்டணத்தின் பெரும்பகுதி அடைபடும்.

எச்-1பி பணியாளர்களின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கூட்டரசின் மாணவர் நிதியுதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உடையவர்களுக்கும், வேறு சில பிரிவினருக்குமே உரியது. எச்-4 அதில் வராது. கல்லூரி தன் பணத்திலிருந்து தரும் விளையாட்டு உதவித்தொகையைப் பெறத் தடையில்லை. 21 வயது நிறைந்ததும் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும்; அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வரும். உள்மாநிலக் கட்டணத்துக்கு எச்-4 மாணவர் தகுதி பெறுகிறாரா என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் தனியே கேட்டறிய வேண்டும். வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து ஈட்டும் வருமானம் இந்த விசாக்களில் இருப்பவர்களின் தகுதிநிலையையே பாதிக்கக்கூடும் என்பதால், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். அணி நிர்வாகத்தில் இதை அறிந்தவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எட்டாம் படி: முடிவெடுத்தல்

வாய்மொழி உறுதி எவரையும் கட்டுப்படுத்தாது. பயிற்சியாளரும் பின்வாங்கலாம், மாணவனும் பின்வாங்கலாம். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தமுறை 2024 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தமே கட்டுப்படுத்தும் ஆவணம். அது ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா என்பதையும், எந்தக் காரணங்களால் குறைக்கப்படலாம் என்பதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அது கல்லூரியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், பயிற்சியாளரோடு அல்ல. 2024 ஜூன் 24 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி ஒமாஹாவில் இறுதி ஆட்டத்தில் தோற்றது. மறுநாள் அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் போட்டிக் கல்லூரியான டெக்சஸுக்குச் சென்றார். அந்த ஆண்டு பட்டம் வென்ற டென்னசியின் டோனி விட்டெல்லோ, 2025 அக்டோபரில், மாணவர்கள் வகுப்பில் இருக்கும்போதே, மேஜர் லீக் அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் மேலாளராகப் போனார். பயிற்சியாளர் ஒருவருக்காக மட்டுமே கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

டிராஃப்டில் பெயர் வரக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 சுற்றுகளாக இருந்த டிராஃப்ட் 2021 முதல் 20 சுற்றுகளாகிவிட்டது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயதாகும் வரை, மீண்டும் தேர்வுக்கு வர முடியாது. ஜூனியர் கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டும் வரலாம். தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான பந்தெறியாளர் குமார் ராக்கரை 2018இல் கொலராடோ ராக்கீஸ் அணி 38ஆவது சுற்றில் எடுத்தது. அவர் வாண்டர்பில்ட்டுக்குப் போனார். 2019இல் ட்யூக் அணிக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து ஹிட் எதுவும் கொடுக்காத ஆட்டம் ஒன்றை எறிந்தார். 2021இல் அவரை 10ஆவதாக எடுத்த நியூயார்க் மெட்ஸ் அணி, உடல்நலப் பரிசோதனைக்குப் பிறகு அவரோடு ஒப்பந்தம் செய்யவில்லை. 2022இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை 3ஆவதாக எடுத்தது. அவ்வளவு திறமையுள்ளவருக்கே நடுவில் ஓராண்டு அப்படிப் போயிற்று.

கடைசியில் இரண்டு மூன்று கல்லூரிகள் கையில் இருக்கும்போது, பேஸ்பாலை முற்றிலும் எடுத்துவிட்டு ஒரு முறையும், படிப்பை முற்றிலும் எடுத்துவிட்டு ஒரு முறையும் மகன் அவற்றை வரிசைப்படுத்தட்டும். இரண்டு வரிசைகளிலும் கடைசியில் வராத கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். இளையவனின் முதல் வரிசையில் அந்தக் கையுறையைத் தரையில் வைத்துக் காட்டிய கல்லூரி இரண்டாவதாகவும், மற்றதில் முதலாவதாகவும் வந்தது.

கையெழுத்திட்ட அன்றே ஒரு வேலை பாக்கியிருக்கிறது. தன்னை விரும்பிய மற்றப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரையும் மகன் தானே தொலைபேசியில் அழைத்து, வேறிடத்தை முடிவு செய்துவிட்டதாகச் சொல்லி நன்றி கூற வேண்டும். குறுஞ்செய்தியில் முடித்துக்கொள்ளக்கூடாது. அவனுக்காக வைத்திருந்த இடத்தை அவர்கள் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க அன்றைக்கே தொடங்குவார்கள். அவர்களுள் ஒருவர் ஓராண்டு கழித்து, மகன் மாற வேண்டிய நிலை வந்தால், அவன் பெயரை நினைவில் வைத்திருப்பவராகவும் இருக்கக்கூடும். மூத்தவனை அப்படி நினைவில் வைத்திருந்த ஒரு ஜூனியர் கல்லூரிப் பயிற்சியாளரிடம்தான் அவன் மறுபடியும் கேட்சராக ஆடத் தொடங்கினான்.